ஸ்காட்லாந்தின் காற்று: இருக்கும் தன்னாட்சியா, கூடுதல் அதிகாரமா, தனிநாடா?

போன இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு வைட்லீ போயிருந்தேன். கிளாஸ்கோவுக்குத் தெற்கே, காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஈகிள்ஷாம் ஊரைத் தாண்டினால் வரும் மேட்டுச் சதுப்பு நிலத்தில் 215 காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தத் திறன் 539 மெகாவாட். தரையில் அமைந்தவற்றில் பிரிட்டனிலேயே மிகப் பெரிய காற்றாலைப் பண்ணை இது. காரை விட்டு இறங்கியதுமே மகளின் தொப்பி பறந்தது, துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் எங்களுக்கு எதிரே இருந்த வரிசையில் பாதிக் காற்றாலைகள் இறக்கையைத் திருப்பிவைத்துக்கொண்டு சும்மா நின்றன. காற்று போதவில்லையா என்று மகள் கேட்டாள். காற்று அதிகமாகிவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் ஊர்ப் பழமொழி. இங்கே காற்றுள்ளபோதுதான் நிறுத்தச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தில் உற்பத்தியாகும் மின்சாரம் தெற்கே இங்கிலாந்துக்குப் போக எல்லையைக் கடக்கும் கம்பிகள் போதவில்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் கம்பி நிரம்பிவிடும். உடனே லண்டனுக்கு மேற்கே வோக்கிங்ஹாமில் உள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து வடக்கே உள்ள காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். நிறுத்தியவர்களுக்கு இழப்பீடு உண்டு. தெற்கே அதே நேரத்தில் எரிவாயு நிலையம் ஒன்றை ஓட்டச் சொல்வார்கள், அதற்கும் பணம் தர வேண்டும். கம்பி நெருக்கடிக்காக மட்டும் ஆண்டுக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல் போகிறது. எல்லாம் நம் மின்கட்டணத்தில்தான்.

இது என் வீட்டு விவகாரமும்கூட. ஸ்காட்லாந்தில் வசிக்கும் பொதுநலவாய நாட்டுக் குடிமக்களுக்கு 2014 பொதுவாக்கெடுப்பில் வாக்கு இருந்தது. அன்று 55.3 சதவீதத்தினர் தனிநாடு வேண்டாம் என்றார்கள், 44.7 சதவீதத்தினர் வேண்டும் என்றார்கள். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. நண்பர்கள் கூடினால், தனிநாடானால் இந்தக் காற்றை நாமே விற்று, எண்ணெய் விற்றுச் செழித்த நார்வேபோல வாழலாம் என்று ஒருவர் சொல்வார். பிரிந்தால் மானியம் போய்விடும், காற்றாலையும் நின்றுவிடும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சும் பாதிதான் சரி. எரிசக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு எந்த ஏற்பாடு எதைத் தரும் என்று பார்க்கலாம்.

ஒரு காற்றாலை எழும்ப மூன்று பேர் தலையசைக்க வேண்டும். இடத்துக்கு அனுமதி கொடுப்பவர், விலைக்கு உத்தரவாதம் கொடுப்பவர், கம்பி இழுத்துக் கொடுப்பவர். யார் ஆள்வது என்ற விவாதத்தில் இந்த மூவரும் யார் யார் என்று கேட்டுக்கொண்டே போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது இருப்பது

1998 ஸ்காட்லாந்து சட்டப்படி மின் உற்பத்தி, கடத்தல், விற்பனை எல்லாம் லண்டனின், அதாவது பிரிட்டன் அரசின் அதிகாரம். ஆனால் 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அனுமதி தரும் வேலையும், நிலத் திட்டமிடல் முழுவதும் எடின்பரோவிடம், அதாவது ஸ்காட்லாந்து அரசிடம் இருக்கின்றன. காகிதத்தில் சின்ன அதிகாரம். நடைமுறையில் இதை வைத்துக்கொண்டே, புதிய அணுமின் நிலையத்துக்கு அனுமதி தரமாட்டோம் என்று எடின்பரோ அரசு சொல்லிவருகிறது. எரிசக்திக் கொள்கை லண்டனுடையது, இடம் எங்களுடையது என்பது அதன் கணக்கு.

இந்த அதிகாரத்தின் வீச்சும் வரம்பும் 2015-ல் ஒருசேரத் தெரிந்தன. இங்கிலாந்தில் தரைக் காற்றாலைகளுக்கு எதிராக ஆளுங்கட்சி உறுப்பினர்கள் போர்க்கொடி பிடித்தார்கள். திட்டமிடல் விதியைக் கடுமையாக்கியே புதிய காற்றாலைகளுக்கு முட்டுக்கட்டை போட்டார்கள். 2024-ல் ஆட்சி மாறும்வரை அது நீடித்தது. ஸ்காட்லாந்தில் அந்த விதி செல்லவில்லை, அனுமதிகள் தொடர்ந்தன. ஆனால் அதே சமயத்தில் தரைக் காற்றாலை மானியத்தையும் லண்டன் முன்கூட்டியே மூடியது. நிறுவனங்கள் குறைந்த விலை கேட்டுப் போட்டியிட, வென்றவருக்குப் பல ஆண்டுகளுக்கு விலை உறுதியாகும் உத்தரவாத விலை ஏலத்தில் தரைக் காற்றாலைகளுக்கு மறுபடி இடம் கிடைக்க 2021 ஆகிவிட்டது. எடின்பரோ எவ்வளவோ மறுத்துப் பேசியும் பலனில்லை. இடம் கொடுப்பவர் சரி என்கிறார், பணம் கொடுப்பவர் கையை விரிக்கிறார்.

எடின்பரோ வைத்திருக்கும் அதிகாரமும் வேகமாக ஓடியது என்று சொல்ல முடியாது. வடக்கே பியூலியிலிருந்து டென்னி வரை சுமார் 220 கிலோமீட்டர் உயர் அழுத்த மின்பாதைக்கு 2005-ல் விண்ணப்பித்தார்கள். மலையழகு கெடும் என்று எதிர்ப்பு, நீண்ட விசாரணை. 2010 ஜனவரியில்தான் அனுமதி வந்தது. முழுதாக மின்சாரம் ஓட 2015 இறுதி ஆயிற்று. இதற்கு லண்டனைக் குறை சொல்ல வழியில்லை.

கடற்படுகைக் கதை இன்னும் சுவையானது. 2017-ல் ஸ்காட்லாந்துக் கடற்படுகையின் நிர்வாகம் எடின்பரோ கைக்கு வந்தது. 2022 ஜனவரியில் ஸ்காட்விண்ட் என்ற பெயரில் 17 இடங்களைக் குத்தகை உரிமைக்கு விட்டார்கள். சுமார் 25 கிகாவாட், அதாவது 25,000 மெகாவாட். கிடைத்தது ஏறத்தாழ 70 கோடி பவுண்டு, ஒரே தடவை. அதற்கு ஓராண்டு முன் இங்கிலாந்து, வேல்ஸ் கடலில் வெறும் 8 கிகாவாட்டுக்கு நடந்த ஏலத்தில் ஆண்டுக்கு 87.9 கோடி பவுண்டு கிடைத்தது. அங்கே விலைக்கு உச்சவரம்பு இல்லை. எடின்பரோவோ சதுர கிலோமீட்டருக்கு ஒரு லட்சம் பவுண்டு என்று வரம்பு வைத்துவிட்டது. தெற்கே ஏலம் எகிறியதைப் பார்த்த பிறகு உயர்த்திய வரம்புதான் அது. அதற்கு முன் பத்தாயிரமாக இருந்தது! மலிவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் இன்னும் திட்டுகிறார்கள். குத்தகைப் பணம் ஏறினால் அது கடைசியில் மின்கட்டணத்தில்தான் விழும், நிறுவனங்கள் உள்ளூரில் செலவழிப்பதே முக்கியம் என்பது அரசின் பதில். பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் வந்த பணத்தைத் தனி நிதியில் பூட்டிவைக்காமல், 2024-ல் பட்ஜெட் ஓட்டையை அடைக்க 46 கோடி பவுண்டு வரை எடுக்கத் திட்டமிட்டார்கள். பிறகு குறைத்துக்கொண்டாலும், விதைநெல்லைக் குத்தி உண்ணும் எண்ணம்தான் அது. கடன் வாங்கும் அதிகாரம் குறைவாக உள்ள அரசு இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவு குறைகளோடும் இந்த ஏற்பாடு சாதித்ததைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2022-ல் ஸ்காட்லாந்தின் மின் நுகர்வைவிடப் புதுப்பிக்கத்தக்க உற்பத்தி அதிகம், 113 சதவீதம். அந்த உற்பத்திக்கு விலை உத்தரவாதம் தந்தவர்கள் பிரிட்டன் முழுவதும் மின்கட்டணம் கட்டும் மக்கள். ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை 55 லட்சம். ஐக்கிய இராச்சியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

எல்லா அதிகாரமும் கையில் இருந்தால்?

பிரிய வேண்டாம், எரிசக்தி அதிகாரம் முழுவதையும் எடின்பரோவிடம் கொடுத்துவிடுங்கள் என்பது பலர் சொல்லும் நடுவழி. அது எப்படி இருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, பக்கத்திலேயே நடந்திருக்கிறது. வட அயர்லாந்துக்கு எரிசக்தி ஏற்கெனவே பகிர்ந்து கொடுக்கப்பட்ட அதிகாரம்.

2012-ல் பெல்ஃபாஸ்ட் அரசு மரத்துண்டு எரிக்கும் கொதிகலன்களுக்கு ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. பிரிட்டனில் இருந்த திட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் அதிலிருந்த ஒரு விதியை விட்டுவிட்டார்கள். பிரிட்டனில் ஆண்டுக்கு 1,314 மணி நேரத்துக்கு மேல் எரித்தால் மானியம் சரிந்துவிடும். வட அயர்லாந்தில் அந்தப் படிநிலை இல்லை, மானியமோ எரிபொருள் விலையைவிட அதிகம். எவ்வளவு எரிக்கிறோமோ அவ்வளவு லாபம். ஆளில்லாத கொட்டகைகளுக்கெல்லாம் ஊர் முழுக்கச் சூடேற்றுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. 'சாம்பலுக்குக் காசு' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலகினார், கூட்டணி அரசு கவிழ்ந்தது. சட்டமன்றம் மூன்றாண்டுகள் கூடவில்லை. மானியப் பணம் லண்டன் கருவூலத்திலிருந்துதானே வருகிறது என்ற நினைப்பு அதிகாரிகள் மத்தியில் இருந்ததும் விசாரணையில் வெளிவந்தது.

அதைவிடப் பெரிய சேதம் சத்தமில்லாமல் நடந்தது. காற்றாலைகளுக்கான பழைய மானியம் 2017-ல் மூடப்பட்டது. பிரிட்டனின் உத்தரவாத விலை ஏலத்தில் வட அயர்லாந்து சேரவில்லை. சொந்தமாக ஒரு திட்டம் வகுக்க அமைச்சர்களே இல்லை. அதிகாரம் முழுவதும் கையில் இருக்க, ஆண்டுகள் சும்மா கழிந்தன.

எடின்பரோவின் அதிகாரிகள் பெல்ஃபாஸ்ட் ஆட்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் மானியத்தின் அளவு இங்கே முடிவாகி, பில் வேறொருவருக்குப் போகும் ஏற்பாடு எந்த ஊரிலும் ஆபத்துதான். பில்லும் இங்கேயே வரட்டும் என்றால், 55 லட்சம் பேர் 25 கிகாவாட் கடல் காற்றாலைக்கு விலை உத்தரவாதம் தர வேண்டும். இந்த நடுவழியை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன்.

தனிநாடு

தனிநாட்டுக்காரர்கள் நார்வேயைக் காட்டுவதை நிறுத்திவிட்டு அயர்லாந்தைக் காட்டினால் அவர்கள் வாதம் பலப்படும். 1922-ல் பிறந்த நாடு, உள்நாட்டுப் போரில் பாதி பாலங்கள் போன நாடு, 1925-ல் ஷானன் ஆற்றில் ஆர்ட்னக்ரஷா நீர்மின் நிலையத்தைத் தொடங்கியது. ஜெர்மனியின் சீமென்ஸில் வேலை பார்த்துத் திரும்பிய தாமஸ் மெக்லாக்லின் என்ற இளம் பொறியாளர் யோசனை சொன்னார், அமைச்சர் பேட்ரிக் மெக்கில்லிகன் துணிந்தார். நாட்டின் ஆண்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் செலவு. நாடு முழுமைக்கும் பொது மின்வாரியம் ஒன்றை 1927-ல் அமைத்தார்கள். 1929-ல் நிலையம் திறந்தபோது நாட்டின் மின்தேவையில் பெரும்பகுதியை அது ஒன்றே தந்தது. லண்டனின் கீழ் இருந்த டப்ளின் இதைச் செய்திருக்குமா? நான் நினைக்கவில்லை. சொந்தக் கருவூலமும் சொந்தக் கடனும் உள்ள அரசுதான் இப்படி ஒரு பந்தயம் கட்டும்.

ஆனால் அதே அயர்லாந்தின் கடலைப் பாருங்கள். 2004-ல் ஆர்க்லோ மணல்திட்டில் ஏழு காற்றாலைகள், 25 மெகாவாட். அடுத்த இருபது ஆண்டுகளில் அதற்கு மேல் ஒன்றுகூட எழும்பவில்லை. கடற்படுகைக்குப் பழைய 1933 சட்டத்தை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். புதுச் சட்டம் 2021-ல்தான் வந்தது, முதல் ஏலம் 2023-ல். இந்த இடைவெளியில் தனிநாடாக இல்லாத ஸ்காட்லாந்தில் பியாட்ரிஸ் 588 மெகாவாட், மோரே ஈஸ்ட் 950, சீகிரீன் 1,075 என்று வரிசையாக வந்தன. ஒரே கடற்காற்று, ஒரே நிறுவனங்கள். லண்டன் தந்த உத்தரவாத விலையும் அந்த விலைக்குப் பின்னால் நிற்கும் ஆறரைக் கோடி நுகர்வோரும்தான் வித்தியாசம்.

ஆக, பிரிந்த பிறகும் இங்கிலாந்து அந்தப் பணத்தைத் தருமா என்பதுதான் தனிநாட்டு வழியின் உயிர்நாடி. 2013-ல் ஸ்காட்லாந்து அரசின் வெள்ளை அறிக்கை, பிரிட்டன் முழுமைக்குமான மின்சந்தை அப்படியே தொடரும் என்று எழுதியது. தனிநாட்டின் காற்றாலைக்கு எங்கள் மக்கள் ஏன் மானியம் கட்ட வேண்டும், மற்ற அயல்நாட்டு மின்சாரத்தோடு விலையில் போட்டியிடட்டும் என்று லண்டன் பதில் சொன்னது. இதில் யாரும் யாருக்கும் நல்லவராக இருக்கத் தேவையில்லை. இங்கிலாந்துக்குக் கரிமம் இல்லாத மின்சாரம் வேண்டும், ஸ்காட்லாந்துக்கு வாங்குபவர் வேண்டும். வியாபாரம் படியும் என்றே நினைக்கிறேன். எந்த விலைக்கு என்பதுதான் கேள்வி. சரக்கு மிதமிஞ்சிக் கிடக்க, வாங்க ஒரே ஒரு வியாபாரி என்றால் பேரம் யார் பக்கம் சாயும் என்பது சந்தைக்குப் போன எவருக்கும் தெரியும்.

இரண்டாவது வியாபாரியைத் தேடலாமே? ஏற்கெனவே தேடினார்கள். பீட்டர்ஹெட்டிலிருந்து நார்வேக்குக் கடலடியில் 1,400 மெகாவாட் கம்பி போட ஒரு திட்டம் இருந்தது. உள்நாட்டு மின்விலை ஏறும் என்ற கவலையில் நார்வே அரசு 2023 மார்ச்சில் உரிமம் மறுத்துவிட்டது.

தனிநாடானாலும் சந்தை ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கும் அயர்லாந்தே சாட்சி. தெற்கே ஒரு குடியரசு, வடக்கே பிரிட்டிஷ் ஆட்சி. ஆனாலும் 2007 நவம்பர் முதல் தீவு முழுவதற்கும் ஒரே மொத்த மின்சந்தை. பிரெக்சிட்டுக்குப் பிறகும் அது ஓடுகிறது. கொடி வேறாகியும் கம்பி பிரியாத இன்னொரு கதை இவ்வளவு இனிமையானதில்லை. பால்டிக் நாடுகள் மூன்றும் 1991-ல் விடுதலை பெற்றன. ரஷ்ய மின் தொகுப்பிலிருந்து வெளியே வந்தது 2025 பிப்ரவரியில். முப்பத்துமூன்று ஆண்டுகள் மாஸ்கோவின் துடிப்புக்குத்தான் அவர்கள் வீட்டு விளக்கு எரிந்தது.

கூட்டங்களில் யாரும் பேசாத ஒரு வழி

1943, போர் நடுவே. எடின்பரோவில் நாடாளுமன்றம் கிடையாது. தனிநாடு என்பது யாரோ சில கவிஞர்களின் பேச்சு. ஸ்காட்லாந்துக்கான அமைச்சர் டாம் ஜான்ஸ்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். வடக்கு ஸ்காட்லாந்து நீர்மின் வாரியம் பிறந்தது. அன்றைக்கு மேட்டுநிலச் சிறு விவசாயிகளின் வீடுகளில் நூற்றில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்ததாகச் சொல்வார்கள். வாரியத்தின் அணை அதனுடையது, கம்பி அதனுடையது, கடன் வாங்கும் உரிமை அதனுடையது. தெற்கே நகரங்களுக்கு விற்ற லாபத்தில் மலைக்கிராமங்களுக்கு நஷ்டத்தில் கம்பி இழுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1950-ல் லோக் ஸ்லாய் ஓடத் தொடங்கியது. 1965-ல் குருவாக்கன் மலையைக் குடைந்து நீரேற்று நிலையம் கட்டினார்கள், 440 மெகாவாட். இன்றைக்கும் காற்று மிஞ்சும் நேரத்தில் நீரை மேலேற்றி வைக்க அது கைகொடுக்கிறது. 1991-ல் அந்த அமைப்பு தனியார்மயமானது.

ஒரு நாடாளுமன்றத்தைவிட ஒரு வாரியம் அதிகம் சாதித்தது என்று சொன்னால் இங்கே சில நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனால் முன்னே சொன்ன மூன்று தலையசைப்பும் ஒரே இடத்தில் இருந்த காலம் ஸ்காட்லாந்தில் அது ஒன்றுதான். சந்தை பெரிது, முடிவு உள்ளூரில்.

என் தெரிவு அந்தத் திசையில்தான். விலை உத்தரவாதம் பிரிட்டன் முழுமைக்குமான பொதுப் பையிலிருந்தே வரட்டும். கம்பிக் கட்டணத்தில் எடின்பரோவுக்குப் பேச்சோடு நிற்காத அதிகாரம் வேண்டும். இன்றைக்கு வடக்கு முனையில் இருக்கும் காற்றாலை கடத்தல் கட்டணமாகப் பெரும்தொகை கட்டுகிறது, லண்டனுக்கு அருகே இருக்கும் நிலையத்துக்கோ பணம் திரும்பக் கிடைக்கிறது. கடற்படுகைக் குத்தகைப் பணம் கைவைக்க முடியாத நிதிக்குப் போக வேண்டும். காற்றாலை நிற்கும் ஊருக்கு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு தருவது இப்போது நிறுவனங்களின் நல்ல மனதைப் பொறுத்த விஷயம். அதைக் கட்டாயமாக்க எடின்பரோவால் முடியாது, சட்டம் லண்டனுடையது. இந்த ஓர் அதிகாரம் கைமாறினால்கூட நூறு மெகாவாட் பண்ணை ஒன்று பக்கத்து ஊருக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் பவுண்டைச் சட்டப்படி எண்ணி வைத்தாக வேண்டும்.

தனிநாட்டை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: மின்சந்தை ஒப்பந்தமும் பழைய மானிய ஒப்பந்தங்களின் கதியும் வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் தெரிய வேண்டும். 2015-ல் செய்ததுபோல லண்டன் இன்னொரு முறை பையை இறுக்கினால் என் வரிசை மாறிவிடும். பகுதிவாரி மின்விலை வந்தால் காற்று மிகுந்த வடக்கில் மின்சாரம் மலிவாகும், தொழிற்சாலைகள் இங்கே வரும் என்று ஒரு யோசனை இருந்தது. 2025 ஜூலையில் லண்டன் அதை நிராகரித்தது. அப்போதே என் வரிசை கொஞ்சம் ஆடியது உண்மை. பண்பாடு, ஜனநாயகம், ஐரோப்பா என்று வேறு காரணங்களுக்காகத் தனிநாடு கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டாக இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

ஓர்க்னியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வடக்கே சுமார் 22,000 பேர் வாழும் தீவுக்கூட்டம். தாங்கள் பயன்படுத்துவதைவிட அதிக மின்சாரம் தயாரிக்கிறார்கள். ரௌசே, ஈடே போன்ற சின்னத் தீவுகளில் ஊர்ப் பொது அறக்கட்டளைக்குச் சொந்தமாக ஆளுக்கொரு 900 கிலோவாட் காற்றாலை இருக்கிறது. அதன் வருமானம் தீவின் பொதுச் செலவுக்கு. பெருநிலத்துக்குப் போகும் பழைய கடலடிக் கம்பிகள் இரண்டும் நிரம்பிவிட்டால் இவையும் நின்றுவிடும். புதுக் கம்பி போட, 135 மெகாவாட் அளவுக்காவது காற்றாலைகள் உறுதியாக வேண்டும் என்று மின்துறை ஒழுங்குமுறை ஆணையம் காத்திருந்தது. கம்பி வராமல் காற்றாலைக்கு எவரும் பணம் போடத் தயங்கினார்கள். ஆணையம் ஒருவழியாக 2023-ல் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓர்க்னி கவுன்சில், 1472-ல் ஸ்காட்லாந்தோடு சேரும் முன் இருந்த நார்டிக் உறவு உட்பட வேறு ஆட்சி ஏற்பாடுகளை ஆராயலாம் என்று வாக்களித்தது. லண்டனைப் போலவே எடின்பரோவும் தங்களைக் கவனிக்கவில்லை என்பது அவர்கள் குறை.

கம்பிக்குக் காத்திருந்த காலத்தில் ஈடே தீவுக்காரர்கள், நிறுத்தச் சொல்லும் நேரத்து மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். அதைக் கப்பலில் ஏற்றி கிர்க்வால் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கரையில் கட்டிநிற்கும் படகுகளுக்கு மின்சாரமாக்கிக் கொடுத்தார்கள்.